பிக்கப் வாங்கும் முன் ஓட்டுநர் கதவைத் திறந்து பாருங்கள்

கேள்வி:

கால்நடை டாக்டர் அண்ணா, வணக்கம். டெக்சஸில், ஆஸ்டினை ஒட்டிய சீடர் பார்க்கில் இருக்கிறோம். மென்பொருள் வேலை. போன வருடம் மேசன் அருகே 62 ஏக்கர் மேய்ச்சல் நிலம் வாங்கினோம். இப்போது அங்கே 45 போயர் கலப்பு வெள்ளாடுகளும் 8 மாடுகளும் இருக்கின்றன. வார நாட்களில் பக்கத்துப் பண்ணைக்காரர் பார்த்துக்கொள்கிறார். வெள்ளி இரவு குடும்பத்தோடு போனால் ஞாயிறு மாலை திரும்புவோம். கால்நடைகளை ஏற்றி இறக்க இதுவரை அவருடைய வண்டியையே நம்பி இருந்தோம். இனி சொந்தமாக ஒரு பிக்கப் வேண்டும். ஒரு கடையில் அரை டன் வண்டி (பெரிய பிக்கப்புகளில் லேசான வகை) பார்த்தேன், 11,000 பவுண்ட் இழுக்கும் என்கிறார்கள். அலுவலக நண்பர் ஒருவர், வாங்கினால் பின்னால் நான்கு சக்கரம் வைத்த ஒரு டன் டூயலி டீசல்தான் வாங்க வேண்டும் என்கிறார். இரண்டு பிள்ளைகளும் வசதியாக உட்கார வேண்டும் என்பது மனைவியின் கட்டளை. அதிலேயே நான் ஆபீசுக்கும் போய்வரலாம் என்று நினைக்கிறேன். ட்ரெய்லரையும் சேர்த்து 60,000 டாலர் வரை செலவழிக்கலாம். எதை வாங்குவது? கடையில் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் இழுவை இருக்கிறது, விலை இருக்கிறது. எனக்கு முதலில் வேண்டிய எண் மட்டும் இல்லை. நல்லவேளையாக, மூன்றாவது படத்தில் உங்கள் மகள் ஓட்டுநர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் முழங்கைக்குப் பின்னால், கதவு வந்து மூடுகிற தூணில், மஞ்சள் பட்டை போட்ட ஒரு வெள்ளை ஸ்டிக்கர் தெரிகிறது. படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். ஆட்களும் சரக்கும் சேர்ந்த எடை 1,480 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. பேலோடு என்பது இதுதான். கடைக்காரர் உங்களிடம் 11,000 பற்றிப் பேசியிருக்கிறார். உங்கள் பண்ணை வேலையைத் தீர்மானிக்கப் போவது இந்த 1,480.

11,000 பொய் என்று சொல்லவில்லை. வண்டி இழுக்கும், மேடு ஏறும். ஆனால் விளம்பரத்தில் வருகிற இழுவை எண் பெரும்பாலும் அந்த மாடலிலேயே அதற்கென்று அமைந்த உருவத்துக்கானது. சோதனைக் கணக்கில் ஓட்டுநர் ஒருவர், பக்கத்தில் ஒருவர், ஆளுக்கு 150 பவுண்ட், அவ்வளவுதான். பின்சீட்டில் பிள்ளைகள், வண்டியின் பின்னால் உள்ள திறந்த தொட்டியில் நான்கு மூட்டைத் தீவனம், கருவிப்பெட்டி, குளிர்பெட்டி எதுவும் அதில் கிடையாது. மேற்கூரைக் கண்ணாடி, பெரிய சக்கரம், தோல் இருக்கை என்று அலங்காரம் கூடக்கூட வண்டியின் சொந்த எடையும் கூடும், அந்த அளவுக்குப் பேலோடு குறையும். ஒரே மாடலில் ஒரு வண்டியின் கதவில் 1,900 இருக்கும், பக்கத்தில் நிற்கிற விலை உயர்ந்த வண்டியின் கதவில் 1,400 இருக்கும். அதனால்தான் இணையத்தில் எண்ணைத் தேடாதீர்கள், வாங்கப் போகிற அந்த வண்டியின் கதவையே திறந்து பாருங்கள் என்கிறேன்.

ட்ரெய்லரைத்தானே இழுக்கப் போகிறோம், பேலோடு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் தாத்தாவுக்கு மாட்டுவண்டி இருந்தது. மூட்டைகளை ஏற்றி முடித்ததும் மாடு பூட்டுவதற்கு முன் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். சுலபமாக மேலே வந்தால் பின்பாரம், இரண்டு மூட்டையை முன்னால் தள்ளச் சொல்வார். தூக்கவே முடியாவிட்டால் முன்பாரம், பின்னால் தள்ளச் சொல்வார். பின்பாரம் ஆனால் நுகம் மேலே எழும்பிக் கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்பாரம் ஆனால் மாட்டின் கழுத்து புண்ணாகிவிடும். ட்ரெய்லரும் இரண்டு அச்சு வைத்த ஒரு பெரிய மாட்டுவண்டிதான். பூட்டியிருக்கிற மாடு உங்கள் பிக்கப்.

பம்பருக்குக் கீழே உள்ள ஹிட்ச் என்ற இணைப்பில் மாட்டுகிற ட்ரெய்லருக்கு, மொத்த எடையில் 100க்கு 10 முதல் 15 பங்கு பிக்கப்பின் மேல் முன்பாரமாக அழுத்த வேண்டும். இங்கே இதை டங் வெயிட் என்பார்கள். அதற்குக் குறைந்தால் 60 மைல் வேகத்தில் ட்ரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். நெளிவு ஒருமுறை பெரிதாகிவிட்டால் பிக்கப்பையும் சேர்த்துக் குடைசாய்த்துவிடும். ஆகவே முன்பாரத்தைக் குறைத்துத் தப்பிக்க வழி இல்லை. அந்த எடை முழுவதும் உங்கள் 1,480லிருந்துதான் போகும்.

இப்போது உங்கள் பண்ணைக்கே கணக்குப் போடுவோம். 16 அடி நீளம், 6 அடி அகலம் உள்ள இரும்புக் கால்நடை ட்ரெய்லர் காலியாகவே சுமார் 3,200 பவுண்ட் இருக்கும். வளர்ந்த மாடு ஒன்று 1,200 என்று வைத்தால் அதில் 6 மாடு நிற்கும், அது 7,200. மொத்தம் 10,400. கடைக்காரர் சொன்ன 11,000க்குள் வந்துவிட்டது, மனம் நிம்மதி ஆகிவிடும். இனி முன்பாரத்தைப் பாருங்கள். 100க்கு 12 என்று வைத்தாலே ஏறத்தாழ 1,250 பவுண்ட். பிக்கப்பில் நீங்கள் நால்வரும் 500. ஹிட்ச், கருவிப்பெட்டி, சில மூட்டைகள் என்று 200. 1,480ல் இந்த 700 போனால் மிச்சம் 780. அதன்மேல் 1,250ஐ வைக்கிறோம். 470 பவுண்ட் அதிகம். பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கும், முன்சக்கரத்தின் பிடி குறையும், ஸ்டியரிங் லேசாகிவிடும். அந்த நிலையில் ஒரு மான் குறுக்கே வந்தால், மேசன் பக்கம் அது தினமும் நடப்பது, பிரேக்கை மிதித்து வண்டியை நேராக நிறுத்துவது கடினம்.

ஆடு மட்டும் என்றால் கணக்கே வேறு. 65 பவுண்ட் குட்டிகள் 25ஐ ஏற்றினால் 1,625, ட்ரெய்லரோடு 4,825. முன்பாரம் சுமார் 580. உங்கள் 780க்குள் அடங்குகிறது. மாடுகளை விற்றுவிட்டு வெள்ளாட்டோடு நிறுத்திக்கொள்கிற எண்ணம் இருந்தால் இந்த அரை டன் வண்டி ட்ரெய்லர் வேலைக்குப் போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள். சில அரை டன் வண்டிகளில் முன்பாரம் 500 பவுண்டைத் தாண்டினால் எடையைப் பகிர்ந்து கொடுக்கும் தனி வகை ஹிட்ச் போட வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். கையேட்டில் பாருங்கள்.

ஆனால் பண்ணை வேலை ட்ரெய்லரோடு முடிவதில்லை. வருடத்தில் நீங்கள் சந்தைக்குப் போவது நான்கைந்து முறைதான். மற்ற நாட்களில் பிக்கப்பின் தொட்டியில் என்ன ஏறும் என்று யோசியுங்கள். குளிர்காலத்துக்கு ரேஞ்ச் க்யூப்ஸ் தீவனம் ஒரு பேலட் பலகை எடுத்தால் 50 பவுண்ட் மூட்டை 40, மொத்தம் 2,000 பவுண்ட். உருண்டை வைக்கோல் கட்டு ஒன்றே 1,000 முதல் 1,200 வரை வரும். கோடையில் குட்டை வற்றி, 225 கேலன் தொட்டியில் தண்ணீர் கொண்டுபோக நேர்ந்தால், ஒரு கேலன் 8.34 பவுண்ட், தண்ணீர் மட்டுமே 1,875ஐத் தாண்டும். அரை டன் என்ற பெயர் பழைய காலத்துக் கணக்கு, இன்றைக்கு அதைவிட அதிகம் தாங்கும் என்பது உண்மைதான். ஆனாலும் மேலே சொன்னவற்றில் வைக்கோல் கட்டு ஒன்றைத் தவிர எதுவும் உங்கள் 1,480ல் அடங்காது. என்னைக் கேட்டால், மாட்டைவிட இந்தத் தீவனமும் தண்ணீரும்தான் உங்களை முக்கால் டன் பக்கம் தள்ளுகின்றன.

முக்கால் டன் என்றால் எஃப்-250, ராம் 2500, சில்வராடோ 2500 வகை. இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. இந்த வகையில் பல வண்டிகளுக்குச் சரக்கும் ஆளும் வண்டியும் சேர்ந்த மொத்த எடை வரம்பு சுமார் 10,000 பவுண்ட் என்று வைத்திருப்பார்கள். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்ட் கனம். எஞ்சின் கனத்தால் பேலோடு குறைகிறது. நான்கு கதவு, நான்கு சக்கர ஓட்டம், டீசல், உயர்ந்த அலங்காரம் எல்லாம் சேர்ந்த முக்கால் டன் வண்டியின் கதவைத் திறந்தால் 2,000 சொச்சம்தான் இருக்கும். அதே வண்டி பெட்ரோலில், எளிய அலங்காரத்தில், 3,000ஐத் தொடும் அல்லது தாண்டும். டீசல் என்றாலே பலம் என்று நினைத்து வாங்குகிறவர்கள், தொட்டியில் ஏற்றும் சுமையில் ஆயிரம் பவுண்டைக் கை நழுவ விடுகிறார்கள்.

டீசலுக்கு அதன் இடம் உண்டு. வாரம் இரண்டு தடவை 24 அடி கூஸ்நெக் (பிக்கப்பின் தொட்டிக்குள் மாட்டுகிற) ட்ரெய்லரில் மாடு நிரப்பி 200 மைல் ஓடுகிறவருக்கு டீசல்தான் சரி. ஏற்றத்தில் இழுவை, இறக்கத்தில் எஞ்சின் பிரேக், இரண்டும் அருமை. உங்கள் ஓட்டம் அப்படி இல்லை. கேட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி, தொட்டியிலிருந்து பட்டி, பட்டியிலிருந்து தீவனக் கடை, எல்லாம் குட்டி ஓட்டம். நான் முதலில் வைத்திருந்த வண்டி முக்கால் டன் டீசல். பின்னால் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போவேன். பத்து மைல் ஓடுவேன், பிரசவம் பார்க்கும்போது ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தியிருப்பேன், மறுபடி ஐந்து மைல். புகைக்குழாயில் கரியைப் பிடித்து எரிக்கிற வடிகட்டி ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலையில் சூடேறி ஓடினால்தான் அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். என் ஓட்டத்தில் அதற்கு அந்தச் சூடே கிடைக்கவில்லை. கன்று குறுக்கே மாட்டி ஒரு பசு துடித்துக்கொண்டிருந்த இரவில், எச்சரிக்கை விளக்கு எரிந்து வண்டியின் வேகம் குறைந்துவிட்டது. கன்றைக் காப்பாற்ற முடியவில்லை. அடுத்த வண்டியைப் பெட்ரோலில் வாங்கினேன். புதிய வண்டியில் டீசல் எஞ்சினுக்கு மட்டும் 10,000 டாலர் அளவுக்குக் கூடுதலாகக் கேட்பார்கள். அந்தப் பணத்தில் உங்களுக்கு ஒரு நல்ல ட்ரெய்லரே வந்துவிடும்.

நண்பர் சொன்ன டூயலி உங்களுக்கு வேண்டாம். பின்னால் நான்கு சக்கரம் இருப்பதால் பெரிய கூஸ்நெக்கை ஆடாமல் தாங்கும், சரி. ஆனால் ஈர மண்ணில் அகலமான பின்பக்கம் தடத்தை விட்டு வெளியே ஓடும், கேட்டுகளில் உரசும், நகரத்தில் நிறுத்த இடம் கிடைக்காது. உரிமக் கணக்கும் இருக்கிறது. ட்ரெய்லரின் எடை வரம்பு 10,000 பவுண்டுக்கு மேல் இருந்து, அதுவும் பிக்கப்பின் எடை வரம்பும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டினால் சாதாரண உரிமம் போதாது. முக்கால் டன் 10,000, ட்ரெய்லர் 14,000, கூட்டினால் 24,000. கவலையே இல்லை. 14,000 வரம்புள்ள டூயலியில் அதே ட்ரெய்லரை மாட்டினால் 28,000 ஆகிவிடுகிறது. விவசாயிகளுக்குச் சலுகைகள் உண்டு என்றாலும், 8 மாட்டுக்காக அந்தச் சிக்கலுக்குள் போவானேன்.

ஆபீசுக்கும் அதே வண்டி என்ற யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். பண்ணை வண்டிப் பதிவு எடுத்தால் டெக்சஸில் கட்டணம் குறைவு. அதற்கு மாநிலத்தின் வரி வசூலைப் பார்க்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகம் தரும் விவசாய வரிவிலக்கு எண் வேண்டும். அந்தப் பதிவில் குடும்பத்தோடு கோயிலுக்கோ பள்ளிக்கோ மருத்துவரிடமோ போகலாம், வீட்டுக்கு வேண்டியதை வாங்கப் போகலாம். பண்ணை தவிர்ந்த வேறு சம்பள வேலைக்காக ஓட்ட மட்டும் அனுமதி கிடையாது. உங்கள் ஆபீஸ் ஓட்டம் நேராக அதில் மாட்டும். சட்டத்தை விட்டாலும், தினமும் நகர நெரிசலில் 7,000 பவுண்ட் வண்டியை ஓட்டி எரிபொருளையும் டயரையும் தேய்ப்பது காசைக் கரியாக்குவது. இப்போதைய காரிலேயே ஆபீஸ் போங்கள். பிக்கப் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கட்டும். வரியில் இன்னொன்று. பண்ணைக்கென்றே பயன்படும் ட்ரெய்லருக்கு அந்த விவசாய எண்ணைக் காட்டினால் 6.25 விழுக்காடு விற்பனை வரி விலகும். பிக்கப்புக்கு அந்த விலக்கு இல்லை.

இனி ட்ரெய்லர். கால்நடை மருத்துவனாக என் அக்கறை முழுக்க இதில்தான், ஏனென்றால் நான் தையல் போடுவதும் கட்டுப் போடுவதும் ட்ரெய்லரிலிருந்து இறங்கி வருகிற உயிர்களுக்குத்தான். சில வருடங்களுக்கு முன் பிரேடிக்கும் ஈடனுக்கும் நடுவே ஒரு கிளைச் சாலையிலிருந்து அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால் ட்ரெய்லர் பிக்கப்பை விட்டுக் கழன்று, பாதுகாப்புச் சங்கிலியில் தொங்கியபடி பள்ளத்தில் சாய்ந்திருந்தது. உள்ளே பத்து வெள்ளாடுகள். ஒரு பெட்டைக்கு முன்னங்கால் முறிந்திருந்தது, இரண்டு குட்டிகள் மிதிபட்டுச் செத்திருந்தன. பிக்கப்பின் ஹிட்ச்சில் இருந்த இரும்புக் குண்டைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். உச்சியில் தேய்ந்துபோன எழுத்தில் 2 அங்குலம் என்று இருந்தது. ட்ரெய்லரின் மூக்கில் இருந்த பிடி 2 5/16 அங்குலக் குண்டுக்கானது. அந்த வித்தியாசம் ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலம். மாட்டும்போது சரியாகப் பொருந்தியது போலவே இருக்கும், தாழ்ப்பாளும் விழும். பண்ணை வாசலில் தூக்கிப் பார்க்காமல் கிளம்பியிருக்கிறார்கள். நல்ல மேடு ஒன்று வந்ததும் பிடி குண்டை விட்டு எழும்பிவிட்டது. ஆகவே குண்டின் எண்ணையும் பிடியில் பொறித்த எண்ணையும் நீங்களே உங்கள் கண்ணால் படியுங்கள். தாழ்ப்பாள் போட்ட பிறகு ட்ரெய்லரின் ஜாக்கியைச் சுழற்றி மூக்கைத் தூக்குங்கள். பிக்கப்பின் பின்பக்கமும் கூடவே எழுந்தால்தான் பிடித்திருக்கிறது என்று பொருள். சங்கிலிகளை மூக்கின் கீழே குறுக்கும் நெடுக்குமாக மாட்டுங்கள்.

வாங்கும்போது அச்சின் எண்ணைப் பாருங்கள். விலை மலிவான ட்ரெய்லர்களில் 3,500 பவுண்ட் அச்சு இரண்டு இருக்கும். மொத்த வரம்பு 7,000தான், ட்ரெய்லரின் சொந்த எடை போக 3 மாட்டுக்கு மேல் ஏற்ற முடியாது. உங்களுக்கு 6,000 அல்லது 7,000 பவுண்ட் அச்சு வேண்டும். இரண்டு அச்சிலும் மின்சார பிரேக் இருக்கட்டும். டெக்சஸில் 4,500 பவுண்டைத் தாண்டும் ட்ரெய்லருக்குப் பிரேக் சட்டப்படியே வேண்டும். பிக்கப்பில் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவி தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்திருந்தால் நல்லது. சுமை மாறும் ஒவ்வொரு தடவையும் அதன் அளவைச் சரிசெய்யுங்கள். காலி ட்ரெய்லருக்கு வைத்த அளவிலேயே மாட்டை ஏற்றிப் போனால் ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். மாட்டுக்கு வைத்த அளவில் நாலு ஆட்டோடு போனால் சக்கரம் இறுகி ஆடுகள் குப்புற விழும்.

பழைய ட்ரெய்லர் என்றால் ரப்பர் விரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் அந்த ட்ரெய்லர் வேண்டாம். கீழே பலகைத் தளமாக இருந்தால் ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். மூத்திரம் ஊறி உளுத்த பலகையில் திருப்புளி வெண்ணெயில் போவது போல இறங்கும். ஓடும் ட்ரெய்லரில் பலகை உடைந்து மாட்டின் கால் சாலையில் உரசிய காயத்தை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மருந்து கிடையாது, கருணைக்கொலைதான். நடுவில் குறுக்குக் கதவு கட்டாயம் இருக்க வேண்டும். கனமான மாடுகளை முன்பாதியில் அடைத்துக் கதவைப் போட்டால் பாரம் இடம் மாறாது, தாத்தாவின் மூட்டைகள் மாதிரி வைத்த இடத்தில் நிற்கும். ஆட்டையும் மாட்டையும் ஏற்ற நேர்ந்தால் அந்தக் கதவுதான் ஆடுகளுக்கு உயிர்க்காப்பு. கொம்புள்ள ஆடுகள் பக்கவாட்டுக் கம்பி இடைவெளியில் தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். கீழ்ப்பகுதி இடைவெளிகளைத் தகடு போட்டு அடைத்துவிடுங்கள்.

ஐந்தாறு ஆடுகளை மருத்துவரிடமோ பக்கத்து ஏலத்துக்கோ கொண்டுபோக ட்ரெய்லரே வேண்டாம். பிக்கப் தொட்டியில் பொருத்துகிற கூண்டு கிடைக்கும், மேல்மூடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளாடு எதையும் தாண்டும்.

சான் ஆஞ்சலோவின் ஆட்டுச் சந்தை நாட்டின் மிகப் பெரியவற்றில் ஒன்று, நீங்களும் அங்கேதான் போவீர்கள். மேசனிலிருந்து சுமார் 100 மைல். கோடையில் போவதென்றால் விடிவதற்கு முன் ஏற்றுங்கள். ஓடும்போது காற்று இருக்கும். காபி குடிக்க நிறுத்தினால் பத்து நிமிடத்தில் இரும்புப் பெட்டி அடுப்பாகிவிடும். காபியைப் பிளாஸ்கில் எடுத்துக்கொண்டு போங்கள். பிள்ளைகளுக்காக நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் நிழலில், காற்று குறுக்கே அடிக்கும்படி நிறுத்துங்கள்.

டயர் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் நிலத்தில் முள்ளோடு நிற்கிற மெஸ்கீட், நம்மூர் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். அந்த முள் சைக்கிள் டயரை என்ன செய்யும் என்று ஊரில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கார் வகை மெல்லிய டயர் வேண்டாம். எல்டி என்ற எழுத்தோடு, சுமை வகுப்பு ஈ என்று போட்ட டயர் வாங்குங்கள். முக்கால் டன் வண்டியில் பெரும்பாலும் அதுவேதான் வரும். ஸ்பேர் டயரும் அதே வகையா என்று குனிந்து பாருங்கள். ட்ரெய்லருக்கும் ஒரு ஸ்பேர் இருக்கட்டும். நான்கு சக்கர ஓட்டம் வாங்குங்கள். வெள்ளைக் கலீச்சி (சுண்ணாம்புச் சரளை) பாதையில் தேவைப்படாது, மழைக்குப் பிறகு பட்டிக்குப் போகும்போது தேவைப்படும். ஆனால் அதை நம்பி, ஓடையைக் கடக்கும் தாழ்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது ட்ரெய்லரோடு இறங்கக் கூடாது. லானோ ஆற்றுப் பக்கம் தண்ணீர் ஏறுகிற வேகத்தைப் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் கேளுங்கள், சொல்வார்.

சரி, முடிவுக்கு வருகிறேன். நான்கைந்து வருடம் ஓடிய, முக்கால் டன், பெட்ரோல், நான்கு கதவு, நான்கு சக்கர ஓட்டம். தொட்டி ஆறரை அடியாவது இருக்கட்டும், எட்டடி கிடைத்தால் இன்னும் நல்லது, தீவனப் பலகையை வைத்துவிட்டு மிச்ச இடத்தில் வேலிக் கம்பி போடலாம். அலங்காரம் குறைந்ததாகத் தேடுங்கள், துணி இருக்கையாக இருந்தால் சந்தோஷம். கூட 16 அடி ட்ரெய்லர். இவை இரண்டும் உங்கள் 60,000க்குள் அடங்கி, டயருக்கும் கூண்டுக்கும் பணம் மிஞ்ச வேண்டும். பின்சீட்டில் பிள்ளைகள் தாராளமாக உட்காரலாம். காலியாக ஓடும்போது கெட்டி ஸ்ப்ரிங் குலுக்கும், அதை மட்டும் உங்கள் மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஒரு தடவை அவரையே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு முதல் தடவை மாடு ஏற்றும்போது, நெடுஞ்சாலை ட்ரக் ஸ்டாப் ஒன்றில் உள்ள எடைமேடையில் ஏறுங்கள். பெரிய செலவில்லை. முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் அச்சு மூன்றுக்கும் தனித்தனி எடை போட்ட சீட்டு தருவார்கள். அதைக் கதவில் உள்ள எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சீட்டைத் தூக்கிப் போடாமல் வண்டிக்குள்ளேயே வையுங்கள்.

அடுத்த வண்டியைப் பார்க்கப் போகும்போதும் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்னால், அவளைக் கதவைத் திறந்து பிடிக்கச் சொல்லி அந்த ஸ்டிக்கரை நெருக்கமாகப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அன்றைக்கே பதில் போடுகிறேன்.